இருட்டு இருந்த கடற்கரை

சென்னையின் பெசன்ட் நகர்ப் பக்கத்துக்கு மாநாடு புதிதல்ல. அந்தப் பெயரில் ஒரு குடியிருப்பு உருவாவதற்கு வெகுகாலம் முன்பே, அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய தோப்பில் பிரம்மஞான சபையின் மாநாடுகள் நடந்தன. சபை அங்கே வந்தது 1882-ல். 1925 டிசம்பரில் அதன் பொன்விழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள், பெரிய ஆலமரத்தடியில் உட்கார்ந்து ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசியதைக் கேட்டார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கி, பகலெல்லாம் பேச்சுக் கேட்டு, சாயங்காலம் கடலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களை இந்தக் கரை நூறு வருடத்துக்கும் மேலாகப் பார்த்துவருகிறது. அந்த வரிசையில் நானும் ஒருத்தி.

நான் முதலில் வந்தது 1991 பிப்ரவரியில். தருமபுரிப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு மாநாடு என்று அனுப்பிவைத்தார்கள். கடலைக் கரும்பலகையில் மட்டும் வரைந்து காட்டிக்கொண்டிருந்த எனக்கு, கடலுக்குப் பக்கத்திலேயே தங்கப்போகிறோம் என்பதுதான் பெரிய செய்தி. 29சி பேருந்து கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டபோது இருட்டிவிட்டது. பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த வீட்டுக்கு நடக்கும்போதே அலைச் சத்தம் கேட்டது. ஆனால் கடல் தெரியவில்லை. கடற்கரைச் சாலையோடு தெருவிளக்குகள் முடிந்துவிடும். அதற்கப்பால் ஒரே கருப்பு. "ஏழு மணிக்கு மேல லேடீஸ் யாரும் மணலுக்குப் போகாதீங்க" என்று பொறுப்பாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

சைக்ளோஸ்டைல் தாள் ஒன்றில் பார்க்க வேண்டிய இடங்களை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். 1976-ல் குடமுழுக்கு நடந்த அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில், 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா. எல்லாவற்றையும் பார்த்தோம். சபைத் தோப்பு ஆலமரத்தின் நடு அடிமரம் 1989 காற்றில் சாய்ந்துபோயிருந்தது. விழுதுகளே மரங்களாகி இவ்வளவு பெரிய பரப்பைத் தாங்கி நின்றதை, தாவரவியல் படித்த தோழி ஒருத்தி விழுது விழுதாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மணலில் தனியாக நிற்கும் வெள்ளை வளைவு, 1930-ல் அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். பலரும் அதைச் சினிமாவில் வந்த இடமாகத்தான் அறிவார்கள். முன்பின் தெரியாதவர்களுக்காகக் கடலில் இறங்கிய ஒரு மனிதனின் பெயரைக் குழந்தைகளுக்கு நாம் சொல்ல வேண்டும்.

அந்தத் தாளில் இல்லாத ஒன்றுதான் என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருக்கிறது.

மாநாட்டுக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், இரவு ஆமை பார்க்க வருகிறீர்களா என்று கேட்டார். 1988-லிருந்து அவரைப் போன்ற மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை நாய்க்கும் நரிக்கும் மனிதருக்கும் முந்திக்கொண்டு எடுத்து, வேலியடைத்த பொரிப்பகத்தில் புதைத்துவந்தார்கள். பொறுப்பாளரின் அனுமதியோடு நாங்கள் நாலைந்து பேர் கிளம்பினோம். டார்ச் அடிக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. கொஞ்ச தூரம் போனதும் கண் பழகிவிட்டது. அலை நுரையின் வெளிச்சமே நடக்கப் போதுமாயிருந்தது.

திருவான்மியூருக்கு அருகில் முன்னால் போனவர் கையை நீட்டித் தடுத்தார். ஈர மணலில் டிராக்டர் ஏறிப் போனது போல ஒரு தடம். அதன் முடிவில் அவள் இருந்தாள். பின்துடுப்புகளால் மாற்றி மாற்றி மணலை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணம் போலக் குழிந்த அந்தத் துடுப்பு, ஒரு பிடி மணலைச் சிந்தாமல் எடுத்து ஓரத்தில் வைக்கிற பக்குவத்தைக் கண்ணெதிரே பார்த்தபோது, நான் அதுவரை நடத்திய பாடங்கள் எவ்வளவு மேலோட்டமானவை என்று தோன்றியது. வாய் குறுகி அடி அகன்ற குழி. அதில் இரண்டும் மூன்றுமாக வெள்ளை முட்டைகள் விழுந்தன; நூறுக்கு மேல் இருக்கும். கண்ணோரம் வழிந்தது உடம்பிலுள்ள உப்பை வெளியேற்றும் சுரப்பி நீர். பிறகு குழியை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து வயிற்று ஓட்டால் மணலை அடித்து இறுக்கினாள். கதவைத் தட்டுவது போன்ற அந்தத் 'தொப், தொப்' சத்தம் உள்ளங்காலில் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டாள்.

ஊருக்குப் போய் இதை வகுப்பில் சொன்னபோது மணியடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

பணி ஓய்வு பெற்றபின், 2025 பிப்ரவரியில், ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேச அழைப்பு வந்து மறுபடி பெசன்ட் நகரில் தங்கினேன். பார்க்க வேண்டிய இடங்கள் இப்போது வாட்ஸ்அப்பில் வந்தன. கோயில்களும் கலாக்ஷேத்ராவும் அப்படியே இருந்தன. காபிக் கடைகளும் படம் எடுக்க நல்ல இடங்களும் சேர்ந்திருந்தன. அறை ஜன்னல் கடலைப் பார்த்திருந்தது. இரவு பத்து மணிக்குக் கீழே போனேன். உயர்ந்த கம்பங்களில் விளக்குகள். மாங்காய்த் துண்டும் சுண்டலும் தின்றுகொண்டு கல்லூரிப் பெண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு பாட்டி தனியாக நடந்துகொண்டிருந்தார். ஏழு மணிக்கு மேல் மணலுக்குப் போகாதே என்று இவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வெளிச்சத்தைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அதே வெளிச்சம்தான் ஆமைக் குஞ்சுகளுக்கு எமன். மணல் குளிர்ந்த இரவில்தான் அவை முட்டையுடைத்து மேலே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போவது அவற்றின் பிறவிக் குணம். விளக்கில்லாத கரையில், வானத்தின் ஒளியை வாங்கிக்கொண்டு கடல்தான் நிலத்தைவிடத் துலக்கமாக இருக்கும். அதனால் குஞ்சுகள் தண்ணீருக்குப் போய்ச் சேரும். விளக்குள்ள கரையில் சாலையை நோக்கிப் போய் வண்டியில் நசுங்கும், இல்லையென்றால் விடிந்ததும் வெயிலில் காயும். பருவத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல் கரை விளக்குகளை அணைக்கச் செய்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனால் மாடி வீடுகளின் விளக்கும் கடைகளின் பலகை விளக்கும் அணைவதில்லை.

மறுநாள் காலை ஊரூர் குப்பம் போனேன். குடியிருப்புக்கு முந்தியது குப்பம். அடுத்திருக்கும் ஆல்காட் குப்பம், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் பெயரைத் தாங்கியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக 1894-ல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளி இன்றும் நடக்கிறது. 2004 சுனாமி ஏறியது இந்த வீடுகள்மேல்தான். மெரினாவிலிருந்து கடலோரமாகச் சாலை போடும் யோசனை வந்தபோது எதிர்த்து நின்றதும் இவர்கள்தான். 2015-ல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து இங்கே இசை விழா தொடங்கிய பிறகு, பக்கத்துத் தெருக்காரர்கள் பலர் முதல்முறையாக உள்ளே வந்தார்கள்.

வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் ஆமைகளைப் பற்றிக் கேட்டேன். அந்த ஜனவரியில்தான் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியிருந்தன.

"எங்க வலையில மாட்னா அறுத்து வுட்ருவோம் டீச்சரம்மா. வலை போனா போவுது, அது சாமி மாதிரி. பெரிய போட்டுல இழுக்குற வலை இருக்குது பாருங்க, அதுல மாட்னா மேல வந்து மூச்சு வாங்க முடியாது."

ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவலை நீருக்கடியில் மணிக்கணக்கில் இழுபடும்போது உள்ளே சிக்கியது மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை மட்டும் தப்பி வெளியேற வழிவிடும் கருவியும் இருக்கிறது. சட்டத்தையும் கருவியையும் கடலில் பார்க்க வேண்டும். காகிதத்தில் இருந்து பயனில்லை.

கூட்டத்தில் எனக்குத் தந்த நேரத்தில் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, இதைத்தான் பேசினேன். மக்களுக்குப் பதினொரு மணி வரை, ஆமைக்கு அதற்கு மேல் என்று கரையைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். கடலைப் பார்த்த ஜன்னலுக்குத் திரை, கம்பத்து விளக்குக்கு மூடி, வெள்ளை ஒளிக்குப் பதில் மங்கிய மஞ்சள். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையாவது, நாங்கள் தங்கியிருந்த விடுதி கடல் பக்க விளக்குகளை இரவில் அணைக்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, அங்கிருந்த ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கினேன். மேலாளர் வாங்கிப் படித்துவிட்டு, முதலாளியிடம் பேசுவதாகச் சொன்னார். அடுத்த மாதம் போன் செய்து கேட்கப்போகிறேன்.

அமைப்பாளர்களிடமும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த ஆண்டின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி: ஊரூர் குப்பம், காலையில் படகு கரையேறும் நேரம். ஆமைப் பொரிப்பகம், பெசன்ட் நகர்க் கடற்கரை. ஆமை நடை, பருவத்தில் வார இறுதி இரவுகளில், நீலாங்கரையில் தொடங்கும். ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், திரும்ப விடியற்காலை ஆகும். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். டார்ச் வேண்டாம்.