சூரியன் யாருக்கும் காத்திருக்க மாட்டார்!

மாலை வெயிலில் போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள், எடுக்கப் போகிறவர்கள், கூடவே பை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்...

மணப்பெண், சென்னை-33
போட்டோகிராபர் 4 மணிக்கே வரச் சொல்கிறார். சூரியன் மறைவதோ 6 மணிக்கு மேல். அதுவரை அங்கே என்ன செய்வது?

4 மணி என்று சொன்னால்தான் நீங்கள் 5 மணிக்காவது வருவீர்கள் என்பது அவருக்குத் தெரியும். சென்னையில் ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறைவது 6.40 வாக்கில், நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகிறது. அதனால் அன்றைய அஸ்தமன நேரத்தைச் செல்போனில் பார்த்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்பு இடத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு புடவை மடிப்பு, பூ, பின் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கடைசி அரை மணியில் படம் மட்டும்தான், பஞ்சாயத்து கூடாது.

கல்லூரி மாணவர், மதுரை
வெளிநாட்டு வீடியோக்களில் 'கோல்டன் ஹவர்' என்கிறார்கள். நமக்கு மட்டும் அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதே இல்லையே, ஏன்?

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்கும். லண்டனில் சாய்வாக, சாவகாசமாக இறங்கும். அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே இருக்கும் சூரியன் மறைய, ஜூன் மாத லண்டனில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதுரையில் சுமார் 25 நிமிடம்தான். அவர்கள் டீ குடித்துவிட்டு எடுக்கலாம். நீங்கள் எடுத்துவிட்டுக் குடியுங்கள்.

மருமகள், தாம்பரம்
ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோருக்கும் லீவு. '4.30-லிருந்து 6 ராகு காலம், வெளியே கிளம்பாதே' என்கிறார் மாமியார். என்ன பதில் சொல்வது?

ஜூன், ஜூலை என்றால் பிரச்சினையே இல்லை. 6 மணிக்கு ராகு காலம் முடிந்த பிறகுதான் நல்ல வெயிலே ஆரம்பிக்கும். கிளம்புவதை மட்டும் 4.30-க்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் என்றால் 5.40-க்கே சூரியன் போய்விடும். பேசாமல் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். வாரத்தில் மாலை வெயிலோடு மோதுவது ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மட்டும்தான். இன்னொரு விஷயம்: பகல் பொழுதை எட்டாகப் பிரித்துச் சுத்தமாகக் கணக்குப் போட்டால், ஞாயிறு ராகு காலம் சூரியன் மறையும்போதுதான் முடியும். இதை மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நிச்சயமானவர், திருவல்லிக்கேணி
மெரினாவில் சூரியன் கடலில் இறங்குகிற மாதிரி ஒரு படம் வேண்டும். எங்கே நிற்கட்டும்?

காலை 5.30-க்கு வந்து நின்று, உதிக்கிற சூரியனை எடுத்து, 'மாலைப்பொழுது' என்று கேப்ஷன் போடுங்கள். மெரினாவில் சூரியன் மறைவது ஊர்ப்பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால். கடலில்தான் மறைய வேண்டுமென்றால் தனுஷ்கோடிக்குப் போங்கள்; இல்லாவிட்டால் கேரளக் கரைக்குப் போங்கள்.

ஆனால் மெரினாவை விட்டுவிடாதீர்கள். மாலையில் அங்கே காற்று கடலிலிருந்து வரும். வருங்கால மனைவியைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். காற்று முகத்தில் அடித்து முடியைப் பின்னால் தள்ளும். பின்னாலிருந்து வரும் வெயில் அந்த முடியின் ஓரத்தில் மட்டும் பற்றிக்கொள்ளும். நீங்கள் அலைக்கு முதுகைக் காட்டியபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதே பெண்ணைச் சூரியனைப் பார்த்து நிறுத்தினால் முடி முழுக்க முகத்தில் வந்து விழும். பாதி நேரம் அதை ஒதுக்கவே சரியாகப் போகும்.

புது மாப்பிள்ளை, தென்காசி
போன் 6.30-க்கு அஸ்தமனம் என்றது. நாங்கள் 6 மணிக்குப் போனால் வெயிலையே காணோம். போன் பொய் சொல்லுமா?

போன் பொய் சொல்லவில்லை, மலை மறைத்துவிட்டது. போன் சொல்வது தடையில்லாத அடிவானத்துக்கான நேரம். உங்களுக்கு மேற்கே தொடர்ச்சி மலை நிற்கிறது. மலையடிவார ஊர்க்காரர்கள் முதல் நாளே அதே இடத்துக்குப் போய், வெயில் எத்தனை மணிக்கு விலகுகிறது என்று பார்த்துவிட வேண்டும். அடுக்குமாடி சூழ்ந்த நகரத்துப் பூங்காக்களுக்கும் இதே கதைதான்.

இல்லத்தரசி, கும்பகோணம்
கல்யாணப் பட்டு கட்டலாமா? குடும்பத்தில் எல்லோரும் ஒரே கலரில் போட்டால் நன்றாக இருக்குமா?

பட்டு தாராளமாகக் கட்டலாம். சாய்ந்த வெயிலில் ஜரிகை தனியாக எரியும். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் எல்லாம் அந்த நேரத்துக்கென்றே நெய்த மாதிரி இருக்கும். பளீர் பச்சை, ரோஸ் போன்ற நியான் கலர் மட்டும் வேண்டாம். துணியில் பட்ட வெளிச்சம் தெறித்துத் தாடைக்கு அடியில் விழும்; நல்ல மனிதருக்குக் கழுத்து பச்சையாகத் தெரியும். பொடிக் கோடு போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக நெளியும். எல்லோரும் ஒரே கலர் என்றால் மாநாட்டுக்குப் போன குரூப் என்று நினைப்பார்கள். ஒத்துப்போகிற மூன்று கலர் போதும்.

கேமரா வாங்கியவர், ஈரோடு
கண்ணுக்குத் தங்கமாகத் தெரிகிற வெயில், படத்தில் வெளுத்துப்போய் வருகிறது. கேமராவை மாற்றவா?

'ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதை மாற்றுங்கள். மாலையில் சூரிய ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும்தான் மிச்சமாக வந்து சேர்கின்றன. கேமரா அதைக் கோளாறு என்று நினைத்துக் கழுவித் துடைத்து வெள்ளையாக்கிக் கொடுக்கிறது. 'டேலைட்' அல்லது 'க்ளவுடி' என்று வைத்தால் பொன் பொன்னாகவே வரும்.

தம்பி, வேலூர்
சூரியனுக்கு முன்னால் அக்காவை நிறுத்தி எடுத்தால், அக்கா கரிக்கட்டை மாதிரி வருகிறாள். போனில் எடுக்கிறேன்.

போன் சூரியனைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. திரையில் அக்கா முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், லாக் ஆகும். பிறகு பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதற்கு முன்னால் லென்ஸைச் சட்டையில் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் ரேகை படிந்த லென்ஸில் எதிர்வெயில் பட்டால் படம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி ஆகிவிடும். சூரியனை முகத்துக்கு நேர் பின்னால் ஒளித்துவிடுவதும் ஒரு வழி. கேமராக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கண்ணாடி வழியாகப் பார்க்கும் வியூ ஃபைண்டரில், டெலி லென்ஸ் மாட்டிச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். படம் போனால் மறுநாள் எடுக்கலாம், கண் போனால் முடியாது.

செலவைக் குறைக்க விரும்புபவர், சேலம்
ரிப்ளெக்டர் வாங்கியே ஆக வேண்டுமா?

ஸ்டேஷனரி கடையில் ஒரு வெள்ளைத் தெர்மகோல் வாங்குங்கள். முதுகில் வெயில் விழ நிற்பவரின் முகத்துக்கு எதிரே, மார்பளவு உயரத்தில், லேசாக மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வந்ததும் நிறுத்துங்கள். அந்தப் புள்ளி வந்தால்தான் முகத்தில் உயிர் இருக்கும். கீழே மிகவும் தாழ்த்திப் பிடித்தால் பேய்ப் படம் ஆகிவிடும். பிடிக்க ஆள் முக்கியம். காற்றடித்தால் தெர்மகோலை விடாதவராகப் பாருங்கள்.

கண்ணாடிக்காரர், நாகர்கோவில்
வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

வெளியே நின்றுகொண்டே இருந்தால் அது மாலையிலும் கறுப்பு பிடித்திருக்கும். தெளியச் சில நிமிடம் ஆகும். கறுப்புக் கண்ணாடியில் உங்களைத் தலைவராக்கிவிடுவார்கள். பழைய சாதாரணக் கண்ணாடி இருந்தால் அன்றைக்கு அதைப் போடுங்கள். காதுப் பக்கம் கம்பியை ஒரு நூல் உயர்த்தி வைத்தால் கண்ணாடி சற்றே கீழ்நோக்கிச் சாயும். வானத்தின் பளபளப்பு அதில் விழாது.

பெயர் வேண்டாம், திண்டுக்கல்
படத்தில் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிய என்ன பூசலாம்?

ஒன்றும் பூச வேண்டாம். மாலை வெயில் மாநிறத்திலும் கறுப்பிலும் விழுவது போல வேறெந்த நிறத்திலும் விழாது. கன்னத்து மேட்டில், மூக்கு நுனியில் பொன் தடவினாற்போல் நிற்கும். பவுடர் அப்பினால் அந்த வெயில் பவுடரில்தான் விழும். எண்ணெய் வழிகிற இடத்தில் டிஷ்யூவை ஒற்றி எடுங்கள், போதும். போட்டோகிராபரிடம் ஒன்று சொல்லுங்கள்: எதையும் சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பார்ப்பது கேமரா மீட்டரின் குணம், கறுத்த முகத்தை வெளிறச் செய்துவிடும். முகத்தைப் பார்த்து அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் இறக்கி எடுக்கட்டும்.

மாப்பிள்ளையின் நண்பர், விழுப்புரம்
தண்டவாளத்தில் கைகோத்து நடக்கிற மாதிரி எடுக்கலாம் என்று இருக்கிறோம்...

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவும் உங்களோடு கைகோத்து நடக்கும். அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரயிலுக்கு அந்தச் சட்டமும் தெரியாது. வயல் வரப்பு அதைவிட அழகு. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களுக்குப் போவதாக இருந்தால், டிரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். கதவு எப்போது மூடுவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா, புதுக்கோட்டை
மூன்று வயதுக் குழந்தையை அந்த நேரத்தில் எப்படி நிற்க வைப்பது?

நிற்க வைக்காதீர்கள், ஓட விடுங்கள். மதியம் தூங்கி, 5 மணிக்குச் சாப்பிட்ட குழந்தை என்றால் பாதி வேலை முடிந்தது. சோப்பு நுரை ஊதிவிட்டால் மீதியும் முடிந்தது. ஒவ்வொரு குமிழிலும் ஒரு சூரியன் இருக்கும். கொசு க்ரீமை வீட்டிலேயே தடவிவிடுங்கள்.

மனைவி, காரைக்குடி
என் கணவர் கேமராவைப் பார்த்ததும் ஆதார் அட்டை முகம் ஆகிவிடுகிறார். வழி உண்டா?

'சிரிங்க' என்று சொல்லாதீர்கள், அதற்குத்தான் அந்த முகம் வருகிறது. வெயில் கண்ணில் கூசினால் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லுங்கள். திறந்த முதல் நொடியில் எடுக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் அவருடைய முதல் பைக் பற்றிக் கேளுங்கள். அவர் பேசிக்கொண்டே இருப்பார், போட்டோகிராபர் எடுத்துக்கொண்டே இருப்பார்.

அவசரக்காரர், திருச்சி
சூரியன் மறைந்துவிட்டால் மூட்டை கட்டிவிடலாமா?

அப்போது கட்டுகிறவர்கள் பாதியைத் தவற விடுகிறார்கள். மறைந்த பிறகு ஒரு கால் மணி நேரம் வானமே பெரிய விளக்காக நிற்கும், நிழலே விழாது. கண் கூசாது, யாருக்கும் வயதும் தெரியாது. 1978-இல் வந்த 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்தின் பல காட்சிகளை ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் இந்தச் சொற்ப நேரத்தில்தான் எடுத்தார், ஆஸ்கரும் வாங்கினார். வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறையும் என்பதால் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

நவீனன், கோவை
இத்தனை பாடு எதற்கு? மத்தியானமே ஏதாவது எடுத்துவிட்டு ஆப்பில் அஸ்தமனத்தைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

சேர்க்கலாம். ஆனால் தலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும், தரையில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். கல்யாண மண்டப வாசலில் பேனரைப் பார்த்ததும் ஒரு சித்தப்பா கண்டுபிடித்துவிடுவார். பந்தி முடியும்வரை அதையேதான் பேசிக்கொண்டிருப்பார்.