கஞ்சி குடிக்கவில்லை, படிக்கிறேன்

சென்டாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

"கஞ்சியோட மல்லுக்கட்டுறேன்" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு நீ கண் கலங்கியதாகத் தங்கச்சி சொன்னாள். அம்மா, இங்கே சோறு இருக்கிறது. இது குடிக்கிற கஞ்சி இல்லை. ஜப்பான்காரர்கள் அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து வாங்கி வைத்துக்கொண்ட எழுத்து. அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசாங்கம் பட்டியல் போட்டிருப்பதே 2,136. அதில் 1,026 எழுத்தை ஆறாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு வாண்டு உட்கார்ந்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மனப்பாடம் ஏறவில்லை. அதனால் எழுத்தையெல்லாம் படமாகப் பார்க்கிறேன். ஹைசிக் என்பவர் இந்த வழிக்கு 1977-லேயே புத்தகம் போட்டிருக்கிறார். ஒரு மரம் மரம்தான், இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. கூரைக்குக் கீழே பன்றி நின்றால் வீடு (என் அறையைப் பார்த்தால் நீயே ஒத்துக்கொள்வாய்). கூரைக்குக் கீழே பெண் இருந்தால் நிம்மதி; அதே எழுத்துக்கு ‘மலிவு’ என்றும் பொருள். கடைகளில் விலைக்குறைப்பு அட்டையில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அப்பாவிடம் சொல்லிவிடாதே.

வில்லங்கம் என்னவென்றால், படம் மட்டும் மனசில் ஒட்டிக்கொள்கிறது. மரத்தோரம் மனிதன் இருந்தால் ‘ஓய்வு’. போன வாரம் ஒரு நூடுல்ஸ் கடைக் கதவில் அதைப் பார்த்தேன். வந்து இளைப்பாறச் சொல்கிறார்கள் என்று கதவை இழுத்தேன், தட்டினேன், மறுபடியும் இழுத்தேன். ஓய்வு எனக்கில்லை, கடைக்கு. வார விடுமுறையாம்.

இன்னொன்று. ‘பெரிய’ என்ற எழுத்தின் தோளில் ஒரு புள்ளி வைத்தால் நாய். ‘பெரிய’, ‘படிப்பு’ இரண்டும் சேர்ந்தால் பல்கலைக்கழகம். விண்ணப்பத்தில் என் பேனா தோளில் ஒரு சொட்டு வைத்துவிட்டது. அந்த அலுவலகத்து அம்மாள் சிரிக்காமல் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

சுஷிக் கடையில் டீ தரும் கோப்பையைச் சுற்றி மீன் பெயராக எழுதியிருக்கும். மீனோடு ‘வலுவில்லாதது’ சேர்ந்தால் நம்ம சாளை! கரைக்கு வந்ததும் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் அப்படி எழுதினார்களாம். உன் சாளைக் குழம்பைத் தின்றவன் எவனும் இந்த எழுத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது. பார்சல் போட்டால் முகவரியை இங்கிலீஷிலேயே எழுதச் சொல். தங்கச்சி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் படம் வரைந்துவிடப் போகிறாள்.

உன் அன்பு மகன்