கொள்கைக்கு டேட்டா காலி

2015-இல் ஃபேஸ்புக் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற இலவச இணையத் திட்டத்தை நமக்கு நீட்டியது. சில தளங்கள் மட்டும் இலவசம். எவை என்பதற்கு அவர்கள் வகுத்ததே விதி. பொங்கி எழுந்தோம். எல்லாத் தளங்களும் சமம் என்ற இணையச் சமநிலை கேட்டு அந்த ஆண்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போன மின்னஞ்சல்கள் 10 லட்சத்தைத் தாண்டின. ஃபேஸ்புக் அதிபர் சக்கர்பர்க்குக்கு விழுந்த வசவில் பெரும்பங்கு ஃபேஸ்புக்கிலேயே விழுந்தது என்பது வேறு விஷயம். 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் சொல்லிவிட்டது. நியாயமான வெற்றி, சந்தேகமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ மொபைல் சேவை வந்தது. எல்லாமே இலவசம். ‘ஓசியில் கொடுப்பவன் நம்மையே விற்பான்’ என்று பாடம் எடுத்த அண்ணன்மார் ஆதார் எண்ணோடு வரிசையில் நின்று கைரேகையும் வைத்தார்கள். கேட்டால், “அதுவும் இதுவும் ஒன்றா? இங்கே தளங்களுக்குள் பாகுபாடு இல்லையே!” என்றார்கள். சட்டப்படி சரிதான். சிம் கார்டுக்கு நிற்கும்போது சட்டம்தான் எவ்வளவு தெளிவாகப் புரிகிறது! பெரிய முதலாளி சின்ன நிறுவனங்களை விழுங்கிவிடுவானே என்ற பழைய கவலைக்கு மட்டும் அன்று டவர் கிடைக்கவில்லை.

2020 ஏப்ரலில் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸின் 9.99 சதவீதப் பங்கை 43,574 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ஒரு நிறுவனம் அறிவித்தது. ஃபேஸ்புக்தான். அதற்கு யார் யார் பொங்கினார்கள் என்று அறிய விரும்பும் வாசகர்கள் தங்கள் பழைய வாட்ஸ்அப் குழுக்களைப் புரட்டிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பும் அவர்களுடையதே.