நேரே வந்தால் எரியாது

(மாமா அரியலூர்க்காரர், தெரு நலச்சங்கத் தலைவர். மாப்பிள்ளை பெரம்பலூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார்; ஏணியில் ஏறுவதும் அவர்தான். கடை வாசல், காலை நேரம்.)

மாமா: மாப்ளே, ஆள் வந்தா தானா எரியுமே, அந்த சென்சார் லைட்டு, அது ஒண்ணு வேணும். எங்க சங்கக் கட்டடத்துச் சுவத்துல மாட்டுறோம். வைகாசியில திறப்பு விழா.

மாப்பிள்ளை: கட்டடத்துக்குங்களா மாமா?

மாமா: லைட்டுக்குப்பா.

மாப்பிள்ளை: ஓ, லைட்டுக்கு. எத்தனை மணிக்கு?

மாமா: பதினொண்ணுக்குன்னு நோட்டீஸ் அடிக்கிறோம். சிறப்பு விருந்தினர் ஒண்ணுக்கு வந்துடுவாரு. பந்தல், ரெண்டு ஆர்ச்சு, மைக் செட்டு எல்லாம் சொல்லியாச்சு. லைட்டு ஒண்ணுதான் பாக்கி.

மாப்பிள்ளை: வைகாசி மாசம், மத்தியானம் ஒரு மணி. அது எரியாது மாமா.

மாமா: ஏன் எரியாது? இந்தா, வர்ற வழியில பிளாட்பாரத்துல ஒண்ணு வாங்கிட்டே வந்துட்டேன். சோலார். பெட்டியில பாரு, 400 வாட்.

மாப்பிள்ளை: (கையில் வாங்கி) தூக்கிப் பாருங்க, சோப்பு டப்பா கனம்கூட இல்ல. உள்ளங்கை அகல சோலார் தகடு 400 வாட் குடுத்தா எங்க கடையை மூடிடலாம். பெட்டியில அச்சடிக்க வாட்டுக்கு என்ன செலவு? இது பேரனுக்கு விளையாட ஆச்சு. இந்தாங்க, 10 வாட் எல்இடி, கரண்டுல எரியுறது. கூடவே சென்சார். அடியில மூணு குமிழ் இருக்கு பாருங்க. லக்ஸ், டைம், சென்ஸ்.

மாமா: எது எதுக்கு?

மாப்பிள்ளை: லக்ஸ், எவ்வளவு இருட்டினா எரியணும்னு. டைம், எரிஞ்சா எவ்வளவு நேரம்னு. பத்து செகண்டுலேர்ந்து சில நிமிஷம் வரைக்கும் வைக்கலாம். சென்ஸ், எவ்வளவு தூரத்து ஆளைப் பார்க்கணும்னு. லக்ஸை இருட்டுப் பக்கம் வச்சா பகல்ல எரியாது.

மாமா: எங்க தெருக்கம்பத்து லைட்டெல்லாம் பகல்லதானேப்பா எரியுது?

மாப்பிள்ளை: ராத்திரி எரியுறதில்லைல்ல? கணக்கு நேராயிடுச்சு.

மாமா: கிண்டலை விடு. விழா அன்னிக்கு மட்டும் அந்தக் குமிழைத் திருப்பி வை.

மாப்பிள்ளை: சூரியன் படம் போட்ட பக்கம் முழுசாத் திருப்பினா பகல்லயும் எரியும்தான். ஆனா இது ஆளைப் பார்க்கிறதில்ல மாமா, உடம்புச் சூட்டைப் பார்க்குது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் எல்லா உடம்புலேர்ந்தும் வரும். சுவரும் தரையும் ஒரு சூட்டுல இருக்கும்; நடுவுல வேற சூட்டுல ஒண்ணு நகர்ந்தா, அந்த வித்தியாசத்துல எரியும். நம்ம ஊரு வைகாசி மத்தியானம் 40 டிகிரி. உடம்பு 37. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுச்சுன்னா, எது சுவரு எது சிறப்பு விருந்தினருன்னு அது திணறிப்போயிடும்.

மாமா: அவரு சால்வை போட்டிருப்பாரே.

மாப்பிள்ளை: அப்போ இன்னும் மோசம். சரி, அவரு எப்படி நடந்து வருவாரு?

மாமா: ஆர்ச்சுலேர்ந்து நேரா, கம்பளத்து மேல, லைட்டைப் பார்த்தபடி.

மாப்பிள்ளை: அதுவும் தப்பு. இந்த வெள்ளை முகப்பைப் பாருங்க. கட்டம் கட்டமா வரி இருக்குல்ல? பாலிஎதிலீன் லென்ஸு. எதிர்ல இருக்கிற இடத்தைக் கூறு போட்டுப் பார்க்குது. ஒரு கூறுலேர்ந்து அடுத்த கூறுக்கு ஆள் தாண்டினாத்தான் சுருக்குனு தெரியும். லைட்டைப் பார்த்து நேரே வர்றவன் ஒரே கூறுக்குள்ளயே வந்துக்கிட்டிருப்பான். கிட்ட வந்து நிக்கிற வரைக்கும் அதுக்கு உறைக்காது.

மாமா: அதாவது, நேரே வந்தா தெரியாது.

மாப்பிள்ளை: குறுக்கே போனா உடனே தெரியும்.

மாமா: மாப்ளே, இதைச் செஞ்சவன் கண்டிப்பா நம்ம பக்கத்து ஆபீசு எதுலயாவது மனு குடுத்துட்டு உட்கார்ந்திருந்தவனாத்தான் இருக்கணும்.

மாப்பிள்ளை: நீங்ககூடக் குடுத்தீங்களே, மெயின் ரோடு திருப்பத்துக் கம்பத்துல விளக்கு எரியலைன்னு.

மாமா: ரெண்டு வருஷமாச்சு. முறைப்படி, ஒப்புகைச் சீட்டோட.

மாப்பிள்ளை: நேரே போனீங்க.

மாமா: நேரேதான் போனேன். எதிர்வீட்டுக்காரன் மச்சினன் மூலமாப் போனான். மூணாம் நாள் அவன் வாசல்ல புதுக் கம்பம்.

மாப்பிள்ளை: குறுக்கே போனாரு. சென்சார் நல்ல கண்டிஷன்லதான் இருக்கு மாமா. இன்னொண்ணு சொல்றேன். அசையாததை இது பார்க்கவே பார்க்காது. நம்ம சாத்தனூர் கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கோடிக்கணக்கான வருஷமாப் படுத்துக்கிடக்கு. அதுக்கு எதிர்ல மாட்டினாலும் எரியாது. உங்க மனு இருக்கிற கட்டும் அந்த மாதிரிதான்.

மாமா: அதிகாரியைப் பார்த்துப் பேசிடலாம்னு நாலு நடை போனேன்பா. ஒரு நடையும் அவரு சீட்டுல இல்ல.

மாப்பிள்ளை: சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். ஊரு உலகத்துக்கே தெரியும், அதைப் பார்த்து வண்டி கட்டுறாங்க. சாமியே கிழமை சொல்லிடுச்சு. அந்த நாற்காலி சொல்லலை.

(எழுதுகிறவன் இங்கே ஒரு வார்த்தை குறுக்கே சொல்லிக்கொள்கிறேன், நேரே சொன்னால்தான் யாரும் கவனிப்பதில்லையே. இந்த இரண்டு ஊருக்கும் அணைந்து எரிவது புதிதில்லை. பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாக எரிந்தது. 2002-ல் அணைந்து பெரம்பலூருக்குள் போனது. 2007-ல் மறுபடி எரிந்தது. டைம் குமிழை யார் எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்ற வழக்கு மாமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே இன்னும் நடக்கிறது. அதற்குள் போனால் லைட்டு மாட்ட முடியாது.)

மாமா: வேற மாதிரி சென்சாரே இல்லையா?

மாப்பிள்ளை: இருக்கு. ராடார் வகை. மைக்ரோவேவ் அலையை விட்டு, திரும்பி வர்றதை வச்சு ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும். வெயிலு அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. நேரே வர்றவனைத்தான் அது ரொம்ப நல்லாப் பார்க்கும்.

மாமா: நேரே வர்றவனையா? நம்ம ஊருக்கு ஒத்துவருமாப்பா?

மாப்பிள்ளை: வேப்பங்கிளை ஆடினாலும் எரியும், பலமா மழை பெஞ்சாலும் எரியும். மெல்லிசுச் சுவரு, மூடின கதவு, இதுக்கெல்லாம் அந்தப் பக்கம் நடக்கிறதும் அதுக்குத் தெரிஞ்சிடும்.

மாமா: மூடின கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கிறதா! வேண்டவே வேண்டாம். சங்கத்துக்குப் பொதுக்குழு வருது. சூட்டைப் பார்க்கிறதையே குடு.

மாப்பிள்ளை: சரி. எந்த உயரத்துல மாட்டணும்?

மாமா: இருவது அடி. ஜெயங்கொண்டத்துலேர்ந்து பார்த்தாலும் தெரியணும்.

மாப்பிள்ளை: இருவது அடியில வச்சா கீழ போற ஆளை அதுக்குத் தெரியாது. ஏழு, மிஞ்சிப்போனா எட்டு அடி. ஜனங்க நடக்கிற வழி அதுக்குக் குறுக்கே ஓடுற மாதிரி சுவரைப் பார்த்து மாட்டணும். ஏசி வெளி யூனிட்டு எதிர்ல கூடாது, சூடு அடிச்சு சும்மா சும்மா எரியும். எதிர்ல சுண்ணாம்படிச்ச வெள்ளைச் சுவரு கிட்டத்துல இருந்தா, தன் வெளிச்சமே திரும்பி வந்து பட்டு, பகலாயிடுச்சுன்னு நெனச்சு அணையும், அணைஞ்சதும் ராத்திரின்னு நெனச்சு எரியும். விடியவிடிய கண்ணடிக்கும்.

மாமா: ஒயரிங்கு?

மாப்பிள்ளை: எம்சிபியை இறக்கிட்டு, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைப்பேன். ஃபேஸ் சுவிட்சு வழியாத்தான் போகணும். மெட்டல் பாடி, அதனால எர்த்து கட்டாயம். கேபிளு கீழ்ப்பக்கமா தொங்கி வளைஞ்சு ஏறணும். மழைத்தண்ணி வளைவுலயே சொட்டிடும், உள்ள போகாது. லைட்டு ஐபி 65, தூசி உள்ள நுழையாது, தண்ணி பீச்சினாலும் தாங்கும். ஆனா வெளியில படியற தூசிக்கு அது என்ன செய்யும்? உங்க ஊரு சிமெண்ட்டு ஊரு. சுண்ணாம்புக்கல் லாரி போற வழி. மாசத்துக்கு ஒருக்கா ஈரத்துணியால லென்ஸைத் துடைக்கணும்.

மாமா: அதுக்கு ஒரு துணைக்குழு போட்டுடலாம். இப்போ முக்கியமான விஷயம். உபய போர்டு எட்டுக்கு நாலு, ஃப்ளெக்ஸு. லைட்டுக்கு முன்னாடி தொங்க விடுறோம். லைட்டு மேலயும் என் போட்டோ ஸ்டிக்கர் ஒண்ணு.

மாப்பிள்ளை: ஸ்டிக்கர் எங்க?

மாமா: நட்ட நடுவுல வெள்ளையா வெறும் இடம் இருக்கே, அங்க.

மாப்பிள்ளை: அது வெறும் இடம் இல்ல மாமா, அதுதான் லென்ஸு! அதுல ஒட்டினா அப்புறம் யாரு வந்தாலும் எரியாது. ஃப்ளெக்ஸு முன்னாடி தொங்கினாலும் அதே கதைதான். போர்டுக்குப் பின்னாடி போற பல்லிக்கு மட்டும் எரியும்.

மாமா: அப்போ பேரு?

மாப்பிள்ளை: பக்கத்துச் சுவத்துல மாட்டுங்க. எத்தனை பேரு போடுறீங்க?

மாமா: இருவத்தேழு.

மாப்பிள்ளை: 10 வாட்டுக்கு.

மாமா: பணம் இல்லப்பா, மின் சிக்கனம்! அதைத்தான் விழாவுல பேசப் போறோம்.

மாப்பிள்ளை: பேசுங்க. 10 வாட் பல்பு சென்சாரே இல்லாம ராத்திரி பன்னெண்டு மணி நேரம் எரிஞ்சா, ரெண்டு மாசத்துக்கு 7.2 யூனிட்டு. சென்சார் போட்டா அதுல முக்காவாசிதான் மிச்சமாகலாம், ஏன்னா அதுவும் சும்மா இருக்கிறப்போ கொஞ்சம் குடிக்கும். உங்க மைக் செட்டும், பெடஸ்டல் ஃபேனும், ஆர்ச்சு சீரியல் செட்டும் மிச்சமாகிறதை ஒரே நாள்ல தீர்த்துடும். மிச்சத்துக்காக இதை மாட்டாதீங்க. இருட்டுல ஒருத்தர் வந்தா வழி தெரியணும், அதுக்கு மாட்டுங்க.

மாமா: அதுக்கும்தான் மாட்டுறோம்.

மாப்பிள்ளை: அப்போ இருட்டு எங்க இருக்கோ அங்க மாட்டுங்க மாமா! சங்கக் கட்டடத்துக்கு எதிர்ல ஏற்கெனவே டீக்கடை லைட்டு, ஏடிஎம் லைட்டு. இருட்டு இருக்கிறது ரோடு திருப்பத்துல. சுண்ணாம்புக்கல் லாரியைப் பின்விளக்கு இல்லாம ஓரமா நிறுத்திட்டுத் தூங்குறான். கடைசி பஸ்ஸுல இறங்குற பொண்ணுங்க செல்போன் டார்ச்சை அடிச்சுக்கிட்டு ஓடுதுங்க. பைக்குல வர்ற பையன் குறுக்கே போகலை. நேராத்தான் வர்றான், அவன் பாட்டுக்கு, தன் ஓரத்துல. நேரே வந்து லாரிக்குப் பின்னாடி அடிக்கிறான். மறுநாள் சாயங்காலம் அந்தக் கம்பத்துல பளிச்சுனு லைட்டு! எப்படி? போட்டோ பிடிக்க வர்றாங்கல்ல. இந்த ஆயிரத்துச் சொச்ச ரூபா சாமான்கூடச் சூடு இருக்கிற உடம்பைப் பார்த்து எரியுது. நம்மூரு கம்பம் உடம்பு ஆறினப்புறம்தான் எரியுது. பத்து நாள்ல அதுவும் அணைஞ்சுடும். டைம் குமிழ்.

(மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு லாரி கடையைத் தாண்டிப் போகும்வரை இருவரும் பேசவில்லை, பேசினாலும் கேட்டிருக்காது.)

மாமா: அந்தத் திருப்பத்துக்கு இன்னொரு மனு எழுதத்தான் போறோம்.

மாப்பிள்ளை: நேரேயா?

மாமா: நேரேதான்.

மாப்பிள்ளை: எரியாது.

மாமா: சரி, சிறப்பு விருந்தினர்கிட்டயே மேடையில வச்சுக் கேட்டுடுறேன். விழாவைச் சாயங்காலம் ஏழுக்கு மாத்திடுறேன், போதுமா?

மாப்பிள்ளை: அப்போ லைட்டு எரியும். கரண்டு குடுத்ததும் சென்சார் நிலைக்கு வர ஒரு நிமிஷம் ஆகும். நாதஸ்வரக்காரரை விட்டு ஒப்பேத்துங்க. விருந்தினரைச் சுவரோரமா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே நடக்க விடுங்க.

மாமா: அவருக்கு அது சங்கடமா இருக்காதா?

மாப்பிள்ளை: பழக்கம் இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிவைங்க. மைக் முன்னாடி அசையாம நின்னு பேசினா லைட்டு அணைஞ்சுடும்.

மாமா: கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவாரு. அவரு போனப்புறம்?

மாப்பிள்ளை: அணைஞ்சுடும்.

மாமா: அணையட்டும், அதான் சிக்கனம். ஆனா ஒண்ணு மாப்ளே. லைட்டு அணைஞ்சா பக்கத்துச் சுவத்துல இருக்கிற உபய போர்டு தெரியாதே. இருவத்தேழு பேரு வீட்லயும் கேப்பாங்க. போர்டுக்குன்னு தனியா ஒரு ஃபோகஸ் லைட்டு போடு. 50 வாட். அதுக்கு சென்சார் வேண்டாம், ராத்திரி பூரா எரியட்டும்.

மாப்பிள்ளை: அந்த ஃபோகஸ் லைட்டுக்கு உபயம் யாரு மாமா?

மாமா: உன் பேரைத்தான் போடப் போறோம். இருவத்தெட்டாவதா. மாட்டுற கூலியை அதுல கழிச்சுக்க.