நாலு சொட்டுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?

ஏலே மக்கா, அமெரிக்காவுல வீட்டுக்கே சக்கரம் மாட்டி ஓட்டிட்டுத் திரியுதியாமே! பொத்தானைத் தொட்டா தாழ்வாரம் நீளுதாம், செல்போனைத் தட்டுனா விளக்கு எரியுதாம். சந்தோசம். ஆனா அந்த வண்டியில வெந்நீர் ஹீட்டரோட ரிலீஃப் வால்வு நாலு சொட்டு விட்டதும் புது ஹீட்டருக்கு வெலை கேக்கப் போயிட்டியாக்கும்?

பைய யோசி. எப்ப சொட்டுது? தண்ணி சூடாவும்போது மட்டுமா? அப்ப வால்வு மேல குத்தமே இல்ல. உன் தொட்டி 6 கேலன், அதாவது 23 லிட்டர்போல. காய்ஞ்சா அந்தத் தண்ணி ரெண்டு தம்ளர் அளவுக்கு ஊதும். குழாயெல்லாம் மூடிக் கெடக்கு. வந்த வழியே திரும்பலாம்னா செக் வால்வு விடாது. பொறவு எங்கதாம்லே போவும்? உங்க ஆச்சி பால் காய்ச்சும்போது விளிம்பு வரைக்குமா ஊத்துதா? தொட்டி உச்சியிலயும் கொஞ்சம் காத்து நிக்கணும். அது நாள்பட நாள்பட தண்ணியில கரைஞ்சிரும். அம்புட்டுத்தான் வியாதி.

வைத்தியத்துக்குக் காலணா செலவில்ல. ஹீட்டரை அணை. நல்லா ஆறட்டும், இல்லன்னா கை வெந்துரும். பம்பை நிறுத்து, வெளியில இருந்து வார தண்ணியையும் மூடு. உள்ள ஒரு வெந்நீர்க் குழாயைத் தொற. பொறவு வால்வுக் கைப்பிடியைத் தூக்கு. தண்ணி தானா நிக்கட்டும், சட்டுனு விடு. குழாயை மூடிட்டுத் தண்ணியத் தொற. காத்து வந்து குந்திருக்கும்.

ஆறுன பொறவும் சொட்டுதா? வால்வு வாயில உப்புத் தூசி ஒட்டியிருக்கும். கைப்பிடியை நாலு தடவ ஆட்டு, கழுவிட்டுப் போவும். முகாம்ல தண்ணி வேகமா வருதோ? 40, 50 பி.எஸ்.ஐ.-க்கு ஒரு ரெகுலேட்டர் மாட்டு. எதுக்கும் அடங்கலன்னா வால்வை மட்டும் மாத்து. அதுல 150 பி.எஸ்.ஐ., 210 டிகிரி ஃபாரன்ஹீட்னு போட்டிருக்கும். அதே கணக்குல வாங்கு.

பிளக் போட்டு அடைச்சிரலாம்னு மட்டும் நெனைக்காத. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னான்? தொறந்துவிட்டா சொட்டுறது வால்வு. அடைச்சுவச்சா வெடிக்கிறது தொட்டி. எது மலிவுன்னு உன் டாலர்லயே கணக்குப் போட்டுக்கோ.