அப்பனா, மகனா?

ஸ்டார் டிரெக் விண்கலத்துக்கு கிர்க் சிறந்த கேப்டனா, பிக்கார்டா என்று உலகம் அடித்துக்கொள்கிறது. மதுரை கோச்சடைக்காரர்களுக்கு அந்தக் கவலை எதற்கு? 2014-ல் வந்த 'கோச்சடையான்' போதும். பாண்டியன் கோச்சடையன் ரணதீரனின் பெயரை அப்பனுக்கும் மகனுக்கும் பாகம் பிரித்துக் கொடுத்த படம். இரண்டு தளபதிகளும் ரஜினிதான்.

அப்பன், கப்பலில் விஷமுண்டு கிடந்த வீரர்களின் உயிரைக் காப்பாற்ற, அவர்களை எதிரியிடமே அடிமைகளாக விட்டுவிட்டு அரண்மனைக்கு வந்து நியாயம் பேசினார். தலை போயிற்று. மகன் ராணா எதிரிப் படையிலேயே வேலைக்குச் சேர்ந்து, பிரமோஷனும் வாங்கி, அந்த அடிமைகளையே படைவீரர்களாக்கி ஊருக்கு ஓட்டி வந்தான். மேலிடத்தில் முன்அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. அரசு ஆபீஸில் குப்பை கொட்டியவர்களைக் கேளுங்கள், ஓட்டு ராணாவுக்குத்தான்.