கொன்டூர் அக்கா

கண்டியில் ஒரு பெண்ணின் முகத்தை முடிவு செய்பவர்கள் மூவர்: படைத்த கடவுள், பெற்ற தாய், கொன்டூர் அக்கா. முதல் இருவரும் வேலையை அரைகுறையாக விட்டுப் போய்விட்டார்கள் என்பது மூன்றாமவரின் உறுதியான அபிப்பிராயம்.

கட்டுகஸ்தோட்டையிலும் இவர் இருப்பார், பேராதனையிலும் இருப்பார். வங்கியில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலிப் பெண்மணி உங்களையே பார்ப்பார். தெரிந்தவரோ என்று சிரித்து வைப்பீர்கள். அவர் பார்ப்பது உங்களையல்ல, உங்கள் தாடையை. "தங்கச்சி, ஒங்களுக்கு வட்ட மொகம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் குறைச்சிட்டா ஆளே மாறிருவீங்க!" ஆள் மாறவேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லையே என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டல்ல.

சிங்களப் பெண் வந்தால் "நங்கி" என்பார். தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் "தங்கச்சி". இரண்டு மொழியும் சரளம். ஆனால் தீர்ப்பு ஒன்றுதான்: மூக்கு அகலம், கன்னம் கூடுதல், தாடைக்கு விளிம்பில்லை. மூவினத்தாரையும் ஒரே கண்ணால் பார்ப்பவர் என்று யாரையாவது இந்த ஊரில் காட்டச் சொன்னால் தயங்காமல் இவரைக் காட்டலாம்.

கண்டிய முறைப்படி அலங்கரிக்கும் மணப்பெண்ணிடம் மட்டும் அவருக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. நெற்றியில் நலல்பட்ட என்ற ஆபரணம், அதன் இருபக்கமும் சூரியனும் சந்திரனும், கழுத்திலிருந்து கீழே ஏழு மாலைகள். "நெத்தியவே மூடிட்டாங்க, நான் எங்க வேலை செய்யிறது?" என்று அலுத்துக்கொள்வார்.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் காலை முகூர்த்தம் என்றால் விடியுமுன்னே பெட்டியைத் திறந்துவிடுவார். முதலில் பவுண்டேஷன். அது முகத்தின் மேடுபள்ளத்தையெல்லாம் ஒரே நிறமாக்கிவிடும். அப்புறம் இரண்டு ஷேட் கருமை கூடிய கொன்டூர் ஸ்டிக்கை எடுத்து, நெற்றியோரத்தில் தொடங்கி, கன்ன எலும்புக்கடியில் உள்ளே வளைத்து, திரும்ப வெளியே வந்து தாடையில் முடிப்பார். பக்கத்துக்கு ஒரு '3'. மூக்கின் இருபுறமும் இரண்டு கோடு. மூக்குத்தண்டிலும் கண்ணுக்குக் கீழும் வெளிர் நிறம். ஸ்டிக்கின் நிறம் சற்றுச் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கவேண்டும், செம்மை கூடினால் நிழல் வெயில் பட்ட தோலாகிவிடும் என்று உதவிக்கு வந்த பிள்ளைக்குப் பாடமும் நடக்கும்.

ஈர ஸ்பொன்ஜ் கைக்கு வருமுன், கோடுகள் கோடுகளாகவே இருக்கும் அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பாயி தேத்தண்ணியோடு உள்ளே வருவார். "அடியே, பொண்ணுக்குக் காமன் கூத்து வேசமா கட்டுற?"

அப்பாயி சொன்னதில் தப்பே இல்லை. மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தில் ஆண்கள்தான் ரதி வேடம் கட்டி வந்தார்கள். தாடி மழித்த தாடையை ரதியின் தாடையாக்கியது அரிதாரம். சினிமாவிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மேக்ஸ் பேக்டர் சினிமாவுக்கென்றே முகப்பூச்சு தயாரித்தது 1914இல். மேடை விளக்கும் ஸ்டூடியோ விளக்கும் முகத்தைத் தட்டையாக்கும் என்பதால் நடிகர்கள் நிழல் தீட்டிக்கொண்டார்கள். 2012இல் கிம் கர்தாஷியன் கோடு போட்ட தன் முகத்தைப் படமெடுத்துப் போட்ட பிறகு அந்த நிழல் தீட்டல் வீட்டுக் கண்ணாடிவரை வந்து சேர்ந்தது.

வந்த இடத்தில் ஒரு சிக்கல். நடிகருக்கு விளக்கு எந்தப் பக்கம் என்று தெரியும், நிழலையும் அதற்கேற்பத் தீட்டலாம். கல்யாணப் பெண்ணோ தாலி ஏறியதும் பேராதனைப் பூங்காவுக்குப் படமெடுக்கப் போகிறாள். 147 ஏக்கரிலும் சூரியன் தன் இஷ்டத்துக்கு அடிக்கிறது. கன்னத்தில் வெயில் விழுகிறது, அக்கா தீட்டிய நிழலும் அதே கன்னத்தில் அப்படியே நிற்கிறது. பனைவரிசைக்கு நடுவே மாப்பிள்ளையின் சித்தி, "தாடையில என்னம்மா, மண்ணா?" என்று கைக்குட்டையை எடுக்கிறார். அக்கா பாய்ந்து தடுக்கிறார். "தொடாதீங்க! போட்டோல பாருங்க!"

போட்டோவில் பிரமாதமாகத்தான் இருக்கிறது. கூரிய மூக்கு, எடுத்துக்கட்டிய கன்னம், செதுக்கிய தாடை. போன மாதக் கல்யாணப் பெண்ணுக்கும் அதே மூக்குதான். ஆல்பத்தைப் புரட்டிய அப்பாயி, "இது நம்ம புள்ளைதானா, இல்ல ஆல்பம் மாறிருச்சா?" என்றபோது, அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அக்காவின் கைத்தொழிலைக் குறை சொல்ல முடியாது. முகத்துக்கு வெளிச்சமும் நிழலும் தரும் கலை லேசானதல்ல. அளவுதான் பிரச்சினை. ஆகவே, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே ஒரு நாள் ட்ரயல் போட்டு, பெண்ணை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். கோடு தெரிந்தால் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மூக்கை மட்டும் தொடவே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். அது அப்பாவின் மூக்கு. கல்யாணச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட மனிதருக்கு, ஆல்பத்தில் அந்த அடையாளமாவது மிஞ்சட்டும்.